யாழ்ப்பாணத்தில் முடிந்த படம் கிரின்ஸ்டெட்டில் முடியவில்லை

போன ஞாயிறு டெனிஷ் தொலைக்காட்சியில் ஒரு வயோதிபரைக் காட்டினார்கள். அமெரிக்கப் பட இயக்குனர். கையில் தடி, வாயில் சுருட்டு, முகத்தில் யார் மீதோ கோபம். ஒரு மணி நேரம் அவருடைய சினிமா வாழ்க்கை முழுவதையும் அலசினார்கள். பேசியவர்கள் ஐந்து பேராசிரியர்கள். ஒவ்வொருவரும் மற்ற நாலு பேர் சொன்னதும் பிழை என்றார்.

நிகழ்ச்சி முடிந்து ஐந்து நிமிடம் இராது... டெலிபோன். ஒடென்சேயிலிருந்து இந்தப் பத்திரிகையின் ஆசிரியர்.

"அண்ணை, உந்தாளின்ர படம் முழுக்கப் பாத்தனான் எண்டு ஒருக்காச் சொன்னியள் எல்லோ? இந்தக் கிழமை அதை எழுதுங்கோவன்."

"ஓம்" என்றுவிட்டேன். வாய் முந்திவிட்டது.

பார்த்தது உண்மை. பதினான்கு படங்கள். ஒரு பனிக்காலம் முழுவதும், செவ்வாய்க்கிழமை தவறாமல். ஆனால் விளங்கியதா? அதை ஆசிரியர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இயக்குனரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய ரசிகர்கள் கடிதம் போடுவார்கள் — "நீர் பிழையாக விளங்கிக்கொண்டீர்" என்று. அது எனக்கே தெரியும். அதற்கு ஏன் அவர்களுக்கு முத்திரைச் செலவு?

சரி, கிரின்ஸ்டெட் என்ற இந்த டெனிஷ் ஊரில் தொழிற்சாலை வேலை செய்யும் ஒரு தமிழன் அமெரிக்க இயக்குனரின் பதினான்கு படங்களை ஏன் பார்த்தான்? கலை ஆர்வமா? இல்லை. என் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்காக.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

இப்போது பேப்பரைத் திறந்தால் "தமிழர் வழக்கு, தமிழர் வழக்கு" என்று போடுகிறார்களே... அந்த வழக்குக்குள்ளே கிடந்த ஆட்களில் நானும் ஒருவன். அப்போது அது வழக்கு என்று எங்களுக்குத் தெரியாது. தாமதம் என்று நினைத்தோம்.

மனைவி றீற்றா கொழும்பில் ஒரு அறையில் இருந்தாள். நான் நாட்டை விட்டு வெளிக்கிடும்போது மகளுக்கு ஆறு மாதம். யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றியதும் றீற்றா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்துவிட்டாள். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அடிக்கடி பொலிஸ் பதிவு. "இன்னும் கொஞ்ச நாள்" என்று நான் சொன்னதை நம்பித்தான் அங்கே இருந்தாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? எனக்கும் தெரியாது.

அவர்களைக் கூப்பிட நான் கோப்பன்ஹேகனில் உள்ள அமைச்சுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பதில் வந்தது: "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது." ஐந்து மாதம் கழித்து இன்னொரு கடிதம். அதிலும் அதே வசனம். மூன்றாவது கடிதத்திலும் அதே வசனம். கையெழுத்து மட்டும் வேறு.

ஒரு வாடகை வீட்டு மேல்மாடியில் என்னோடு ஒன்றாக இருந்தவர் தேவண்ணை. அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் மன்னாரில். அவருக்கும் அதே வசனம்தான் வந்தது.

"தம்பி, எங்கடை பேப்பரிலைதான் ஏதோ பிழை இருக்கு" என்றார் தேவண்ணை. "சும்மா நிப்பாட்டுவாங்களே? வெள்ளைக்காரன் காரணமில்லாமல் ஒண்டும் செய்யமாட்டான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எனவே பேப்பர் அனுப்பத் தொடங்கினோம். கலியாணப் பதிவை மொழிபெயர்த்து அனுப்பினோம். பிறகு அந்த மொழிபெயர்ப்பை உறுதிப்படுத்தி அனுப்பினோம். ஞானஸ்நான அத்தாட்சி, பங்குத் தந்தையின் கடிதம்... கடைசியில் என் கலியாண குறூப் போட்டோ. கோயில் வாசலில் அறுபது பேர் நிற்கும் படம். மணமகள் யார் என்று அமைச்சு குழம்பக்கூடாதே என்று றீற்றாவின் தலைக்கு மேல் சிவப்புப் பேனையால் அம்புக்குறி போட்டு அனுப்பினேன். தலையில் நெற் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பவள் அவள் ஒருத்திதான். இருந்தாலும், எதற்கும் ஒரு அம்புக்குறி.

பதில்: பரிசீலனையில் உள்ளது.

அப்போதுதான் பக்கத்து ஊரான பிராண்டேயில் இருந்து ஒருவர் புதுச் செய்தி கொண்டுவந்தார். டெனிஷ்காரர் எல்லாவற்றுக்கும் சங்கம் வைத்திருக்கிறவர்கள். நாங்களும் ஒரு சங்கத்தில் சேர்ந்து அங்கத்துவ அட்டையைப் பிரதியெடுத்து அனுப்பினால் ஃபைல் நகருமாம். பிராண்டேயில் ஒருவருக்கு நகர்ந்ததாம். யாருக்கு? அவருக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவருக்கு.

தேவண்ணை உடனே பட்மின்ரன் கழகத்தில் சேர்ந்தார். ஐம்பது வயது. முழங்கால் வருத்தம். மனைவி பிள்ளைகளுக்காக இறகுப் பந்து அடித்தார் மனிதர்!

எனக்கு விளையாட்டு வராது. நூலகத்தில் ஒரு அறிவித்தல் பார்த்தேன் — திரைப்படக் கழகம். உட்கார்ந்திருந்தால் போதும். சேர்ந்தேன். அட்டை கிடைத்தது. அன்றைக்கே பிரதியெடுத்து அமைச்சுக்கு அனுப்பினேன்.

அந்தப் பனிக்காலம் அவர்கள் எடுத்த தலைப்பு இந்த இயக்குனர்தான். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, வரிசையாக. வரவு எழுதும் ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். அந்தக் கொப்பியும் ஒருநாள் கோப்பன்ஹேகனுக்குப் போகும் என்று நினைத்து நான் ஒரு செவ்வாயும் விடவில்லை.

நூலகத்தின் நிலவறையில் சின்னத் திரை. அங்கத்தவர்கள் ஒன்பது பேர். தலைவி கிர்ஸ்டன், நூலகர், எதையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் பேசுவார். அடுத்தவர் ஹான்ஸ், ஓய்வுபெற்ற ரயில் கார்ட். படத்தில் ரயில் வந்தால் மட்டும் முழித்துக்கொள்வார்.

முதல் நாலு படமும் கறுப்பு வெள்ளை, நாலும் கொலை. தொப்பி போட்ட ஒருவனை, தொப்பி போட்ட இன்னொருவன், மழையில், சுடுவான். செத்தது யார் என்று எனக்குப் பிடிபடாது. பேசுவது ஆங்கிலம், கீழே எழுத்து டெனிஷ். நான் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிக்கும்போது அங்கே இரண்டு பேர் செத்திருப்பார்கள்.

ஐந்தாவதைப் பிறகு சொல்கிறேன். அடுத்தது குதிரைப் படங்கள். அதற்குப் பிறகு ஒரு யுத்தப் படம். அதில் யுத்தமே இல்லை. ஒரு தீவில் படைவீரர்கள் கப்பலுக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். கப்பல் வரவில்லை. விளக்கைப் போட்டார்கள். டெனிஷ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். காத்திருப்பதைப் படமாக எடுத்தால் உலகப் புகழ் கிடைக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். எங்கள் வீட்டு மேல்மாடியில் கமெராவைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அந்த மனிதருக்குச் செலவு மிச்சமாகியிருக்கும்.

அவருடைய படங்களில் ஒருவரும் தாங்கள் செய்வதற்குக் காரணம் சொல்வதில்லை. எங்கள் படம் என்றால் கதாநாயகனின் சிநேகிதனாவது "ஏன்டா இப்படிச் செய்தாய்?" என்று கேட்பான். இவருடைய படங்களில் சிநேகிதனே கிடையாது. எல்லாரும் தனித்தனியாக யன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள்.

இதற்கிடையில் கசெற். அந்த நாளில் நாங்கள் கடிதம் எழுதுவது குறைவு, கசெற்றில் பேசி அனுப்புவோம். உங்களில் எத்தனை பேர் இன்னும் அந்தக் கசெற்றுகளை வைத்திருக்கிறீர்கள்? றீற்றாவுக்குப் பேசத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். குளிர், வேலை, பதில் வரவில்லை. மிச்ச நாடாவை என்ன செய்வது? படக் கதை சொன்னேன்.

பிழை அங்கேதான். ஐந்தாவது படத்தில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வருகிறான். இரண்டு ஊர், இரண்டு மனைவி. நான் ஒரு கள்ளமும் இல்லாமல் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்லி அனுப்பினேன். ஆறு கிழமை கொழும்பிலிருந்து சத்தமே இல்லை. பிறகு வந்த கசெற்றில் சுகம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, "அந்த மனிசன்ர கதையை எனக்கு ஏன் சொன்னனீங்கள்?" என்றிருந்தாள்.

அடுத்து: "எல்லாற்றை பெண்சாதிமாரும் சுவிசுக்கும் கனடாவுக்கும் போயிட்டினம். உங்கடை நாட்டிலை மட்டும் என்ன பிந்துது? நீங்கள் போட்டிருந்தாத்தானே வாறதுக்கு. விண்ணப்பம் போட்டனீங்களோ இல்லையோ, உண்மையைச் சொல்லுங்கோ." பின்னாலே பிள்ளை அழும் சத்தம். அதோடு நாடா முடிந்துவிட்டது.

நான் அந்தக் கசெற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மூன்று வருடம் தள்ளி இருந்தால் நானே என்னை நம்பமாட்டேன்.

இப்போது என் முறை வருகிறது. கழகத்தில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அங்கத்தவர் எழுந்து முன்னுரை சொல்லவேண்டும். அவரே கேக்கும் கொண்டுவரவேண்டும். பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்த படத்தைப் பார்த்ததும் துள்ளிவிட்டேன். நான் பார்த்த படம்! றீற்றாவும் நானும் கலியாணம் முடித்த புதிதில் யாழ்ப்பாணத்தில் சேர்ந்து பார்த்த ஒரே ஆங்கிலப் படம்.

ஒருவன் எண்ணெய்க் கிணற்றில் வேலை தேடி வெகுதூரம் போகிறான். மனைவி காத்திருக்கிறாள். நாலு வருடம் கழித்து ரயிலில் ஊருக்குத் திரும்புகிறான். நிலையத்தில் அவள் நிற்கிறாள். ரயில் மெதுவாக வந்து நிற்கிறது. அவனுடைய முகம், அவளுடைய முகம்... விளக்கைப் போட்டுவிட்டார்கள். தியேட்டரில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். றீற்றாவும் துடைத்தாள். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று அவள் சொன்னதும் அந்தப் படத்தைத்தான்: "நாலு வருசம் எண்டாலும் பரவாயில்லை. அந்தாள் வந்தமாதிரி நீங்களும் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

கேக் செய்யத் தெரியாது. தேவண்ணையும் நானும் சேர்ந்து நாற்பது இறைச்சி ரோல்ஸ் பொரித்தோம். டெனிஷில் இரண்டு பக்கம் எழுதிப் பாடமாக்கினேன். எழுந்து நின்று படத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். எங்கள் வழக்கம் அதுதானே? படம் பார்த்தவன் பார்க்காதவனுக்கு ஒன்றும் விடாமல் சொல்லவேண்டும். விட்டால் அல்லவா மரியாதைக் குறைவு? முடிவையும் சொன்னேன். "அவன் வந்து சேர்கிறான். அவள் நிற்கிறாள். சந்தோஷம்."

ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடியே நின்றுவிட்டார். முடிவைச் சொல்லக்கூடாதாம். யார் கண்டது?

படம் ஓடியது. ரயில் வந்தது. ஹான்ஸ் முழித்துக்கொண்டார். ரயில் நின்றது. அவனுடைய முகம், அவளுடைய முகம்... நான் விளக்கைப் போட எழுந்துவிட்டேன்.

படம் முடியவில்லை.

அவன் இறங்கவில்லை. இருக்கையிலேயே இருக்கிறான். யன்னல் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்க்கிறான். அவள் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு நடக்கிறாள். ரயில் வெளிக்கிடுகிறது. அதற்குப் பிறகு இன்னும் பதினொரு நிமிடம். அவன் போய்க்கொண்டே இருக்கிறான். ஏன் இறங்கவில்லை? சொல்லவில்லை!

"இது அந்தப் படம் இல்லை" என்றேன். "யாரோ பின்னாலே ஒட்டியிருக்கிறார்கள்."

கிர்ஸ்டன் நிதானமாகச் சொன்னார்: இதுதான் படம். இந்தப் பதினொரு நிமிடத்தை வெட்டச் சொல்லிப் படக் கம்பனி ஒற்றைக் காலில் நின்றதாம். இயக்குனர் மறுத்துவிட்டாராம். அந்தச் சண்டைக்குப் பிறகு ஏழு வருடம் அவருக்கு ஒருவரும் படம் கொடுக்கவில்லை.

"நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில், பின்னேரக் காட்சி. ஊரடங்கு தொடங்குவதற்குள் எல்லாரும் சைக்கிளில் வீடு போய்ச் சேரவேண்டிய காலம்... சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கு விளங்கிவிட்டது. தியேட்டர்க்காரர் கடைசி றீலைப் போடவில்லை. எங்கள் உயிருக்காகத்தான். ஆனால் எங்களிடம் சொல்லவில்லை. ஏழு வருடம் பட்டினி கிடந்து ஒரு மனிதர் காப்பாற்றிய பதினொரு நிமிடத்தை எங்கள் ஊர் ஆப்பரேட்டர் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

ஹான்ஸ் கேட்டார்: "நிறுத்தச் சொன்னது யார்?"

"தெரியாது."

"முதலாளியா, மெஷின் ஓட்டியவரா? வாயால் சொன்னார்களா, எழுத்தில் கொடுத்தார்களா?"

"தெரியாது."

"நீங்கள் கேட்கவில்லையா?"

என்ன கேள்வி இது? படம் முடிந்தது என்று நினைத்தோம், எழுந்து போனோம். யாரிடம், எதைக் கேட்பது? நாங்கள் கேட்டுப் பழக்கமில்லாத ஆட்கள். விளக்கைப் போட்டால் முடிவு. ஃபைல் நின்றால் எங்கள் போட்டோவில் பிழை.

அன்று கிர்ஸ்டன்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். வழியில் மனைவியைப் பற்றிக் கேட்டார். இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டில் கடிதங்களைக் காட்டி, நாங்கள் அனுப்பிய பேப்பரிலோ போட்டோவிலோ ஏதோ பிழை என்றேன். தேவண்ணையும் தன்னுடையதைக் கொண்டுவந்தார். கிர்ஸ்டன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வழக்கம்போல இரண்டு தரம் வாசித்தார்.

"பிராண்டேயில் உள்ளவர்களுக்கும் இதே வசனமா?"

"ஓம். எல்லாருக்கும்."

"எல்லாருடைய போட்டோவிலுமா பிழை?" என்று கேட்டார்.

நானும் கடிதங்களை எடுத்து இரண்டாம் தரம் வாசித்தேன்.

பாராளுமன்றத்தின் பேரில் ஒரு மனிதர் இருக்கிறார், ஒம்புட்ஸ்மன் என்று பெயர், அரசாங்கம் பிழை விட்டால் அரசாங்கத்தையே விசாரிப்பார் என்றார் கிர்ஸ்டன். அவருக்கு எழுதலாம். தான் எழுதித் தருவதாகவும், நாங்கள் கையெழுத்து மட்டும் வைத்தால் போதும் என்றும் சொன்னார்.

அவர் போனதும் தேவண்ணை பிடித்துக்கொண்டார். "தம்பி, விசர்வேலை பாக்காதை. அரசாங்கத்தோடை கொழுவினால் இருக்கிற விசாவும் போயிடும். பிறகு அதுகள் இஞ்சை வாறதெங்கை, நாங்கள் அங்கை போறதெங்கை?"

அவர் சொன்னதும் நியாயம்தானே? முறைப்பாடு செய்தவனை முதலில் பிடிக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இரண்டு கிழமை யோசித்தேன். ஒரு கசெற்றில் றீற்றாவுக்கு அந்தப் படத்தின் உண்மையான முடிவைப் பேசிப் பதிவு செய்தேன். அழித்தேன். மீண்டும் பேசினேன். மீண்டும் அழித்தேன். அவள் கேட்டால் என்ன நினைப்பாள்? இறங்காமல் இருந்தவன் நான்தான் என்று நினைப்பாள்.

மூன்றாம் கிழமை கையெழுத்து வைத்தேன். துணிவு என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், விசா போய்விடுமோ என்ற பயத்தைவிட, அவள் நம்பாமல் விட்டுவிடுவாளோ என்ற பயம் பெரிதாகிவிட்டது. நான் வைத்ததைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, தேவண்ணையும் வைத்தார்.

எங்கள் கடிதத்தால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். எத்தனையோ பேர் முறையிட்டார்கள், எத்தனையோ பேர் எழுதினார்கள். ஆனால் அடுத்த வருடம் ஃபைல்கள் நகர்ந்தன. பில்லுண்ட் விமான நிலையத்தில் றீற்றா பிள்ளையோடு வந்து இறங்கினாள். மகள் என்னைப் பார்த்ததும் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். "இதார் மாமா?" என்று தாயிடம் கேட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

இப்போது வருவோம் நிகழ்காலத்துக்கு. போன மாதம் தமிழர் வழக்கின் விசாரணை அறிக்கை வந்தது, அரசாங்கமே பதவி விலகியது, உங்களுக்குத் தெரியும். பேப்பரை முழுக்க வாசித்து முடித்துவிட்டுக் குசினிக்குப் போனேன். றீற்றா முதியோர் இல்லத்து வேலைக்குப் போடும் மேல்சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருமப்பா, எங்கடை பேப்பரிலை ஒரு பிழையும் இல்லையாம். மேலிடத்திலை, அமைச்சர்தான் எங்கடை ஃபைலுகளைக் கிடப்பிலை போடச் சொன்னவராம்."

அவள் அயன்பொக்ஸை நிமிர்த்தி வைத்தாள். கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் அந்த அறைக்குள்ளை இருந்து ஒவ்வொரு நாளும் உங்களை எல்லோ திட்டினனான்?"

"ஓம்."

"மாதா படத்துக்கு முன்னாலை நிண்டும் திட்டினனான்."

"பரவாயில்லை."

"என்ன பரவாயில்லை? நான் உங்களை நம்பேல்லை..." என்றாள். அவளுடைய கண் கலங்கியது. எனக்கும்தான். இத்தனை வருடத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அறிக்கையில் எத்தனையோ பக்கம் இருக்கிறதாம். அதில் எந்தப் பக்கத்திலும் இது இருக்காது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அயன்பொக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "சரி, விடுங்கோ. இனி உங்களைத் திட்டேக்கை அவ்வளவையும் கழிச்சுப்போட்டுத்தான் திட்டுவன்."

ஒரு மாதம் ஆகிறது... இன்னும் ஒன்றும் கழிபட்டதாகத் தெரியவில்லை.